ஒரே பக்கமாக

கேட் மூடிவிட்டது. மணி அடிக்கத் தொடங்கியபோதே போயிருக்கலாம். எனக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று போனது, அதை ஒட்டிக்கொண்டு இரண்டு பைக்குகள் தலையைக் குனிந்தபடி போயின, நான் நின்றுவிட்டேன். மணி அடித்தால் நிற்பது என் வழக்கம். ஆனால் இன்றைக்கு நின்றது வழக்கத்தாலா பயத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்ஜினை அணைத்தேன். கை தானாகக் கீழே இறங்கி டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடியது. பழைய ராஜ்தூத், மூடாவிட்டால் கார்புரேட்டர் வழியாகச் சொட்டும், சொட்டினால் திரும்ப எடுக்கும்போது மக்கர் பண்ணும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டின் இடது ஓரத்தில், புங்கை மரத்தடியில் பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே ஒரு பெண் நிற்கிறாள். கையில் விரிக்காத நீலக் குடை. சாரல் விழுகிறது, ஆனாலும் விரிக்கவில்லை. அது பூரணம்தான். நான் வருவதாகச் சொன்ன இடம் அதுதான், சொன்ன நேரமும் இதுதான், குடை நீலமாக இருக்கும் என்று போனில் அவளே சொன்னாள். மனதுக்குள் நான் அவளை அவள் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. நர்சம்மா என்று கூப்பிடலாம், ஊரெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டது. மேடம் என்றால் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். பூரணம் என்று வெறும் பெயரைச் சொல்ல எனக்கு வராது. இத்தனை வயதில் ஒரு ஆளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ரயில்வே கேட்டில் நிற்கிறேன். வாங்க என்று மட்டும் சொன்னால் போதும். வாங்க. பெயர் வேண்டாம். வாங்க, ஏறிக்கிடுங்க. இதைக் காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொல்லுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறேன்.

ஏறிக்கொள்வதற்கு இடம் இப்போதுதான் உண்டானது. இந்த வண்டியின் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்ததே இல்லை. பெருங்காயக் கம்பெனியில் சேர்ந்த வாரத்திலேயே பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் தகரப்பெட்டி வைத்து முடுக்கினார்கள். கட்டிக்காயம், தூள்காயம், சின்ன டப்பா, பெரிய டப்பா. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்து மளிகைக் கடைகளுக்கெல்லாம் அந்தப் பெட்டிதான் போனது, நான் அதை ஓட்டிக்கொண்டு போனேன். வண்டி, சட்டை, தலைமுடி எல்லாம் காய வாசனை. தங்கச்சி வீட்டுப் பிள்ளைகள் மாமா வருகிறார் என்று தெருமுனையிலேயே சொல்லிவிடும். கம்பெனியை மூடி, வண்டியை எனக்கே கொடுத்துவிட்ட பிறகும் பெட்டியை நான் எடுக்கவில்லை. எடுத்து அங்கே யாரை உட்கார வைக்க? போன வாரம் மெக்கானிக் மசூது பட்டறைக்குக் கொண்டுபோனேன். மசூது பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணாச்சி, இந்தப் பெட்டியக் கழட்டுனா வண்டிக்கு அடையாளமே போயிருமே. எதுக்கு இப்ப சீட்டு?" என்றான். சும்மாதான் என்றேன். "சும்மா சீட்டு வைக்கிற வயசா உங்களுக்கு? யாரோ ஏறப் போறாவ." நான் பெட்டியின் போல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தது, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. பெட்டி இருந்த இடத்தில் மட்கார்டு புதுக் கருப்பாக இருந்தது, வெயிலே படாத தோல் மாதிரி. அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சீட்டை முடுக்கிவிட்டு மசூது கேட்டான், "பின்னால ஆள் வச்சு ஓட்டிப் பழக்கம் உண்டா?" இல்லை. "அப்ப நான் ஏறுதேன், ஒரு சுத்து போயிட்டு வருவோம்." வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அரிசி மூட்டையைப் பின்சீட்டில் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத குளத்தங்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் கொஞ்சம் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். முதல் கியரில் கூடுதலாக முறுக்க வேண்டும். அது பிடிபட்டுவிட்டது. ஆனால் மூட்டை வளைவில் சாயாது. மனுஷி சாய்வாள். எந்தப் பக்கம் சாய்வாள், எவ்வளவு சாய்வாள், பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நான் என்ன செய்ய? இதைப் பற்றிச் சாலைத்துணை பத்திரிகையில் யாரும் எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை, அவளும் எழுதியதில்லை. இரண்டு பேரும் தனியாக ஓட்டியவர்கள்.

சாலைத்துணை தென்காசியில் அச்சாபீஸ் வைத்திருந்த ஜெபமணி நடத்திய மாதப் பத்திரிகை. வண்டி ஓட்டுகிறவர்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதுவதற்கென்றே ஒரு பத்திரிகை. கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய தாளில் அடிப்பார், அதனால் சில மாதம் மஞ்சளாக வரும், சில மாதம் ரோஸாக வரும். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். எனக்கு எழுத வரும் என்று எனக்கே தெரியாது. ஓட்டிக்கொண்டே போகும்போது மனதில் ஏதோ ஓடும், காற்று காதை அடைத்துவிடும், வேறு பேச்சே கேட்காது, அப்போது ஒரு வாக்கியம் வரும், அடுத்த ஊர் வருகிறவரை அதையே புரட்டிப் புரட்டிச் சொல்லிக்கொண்டு போவேன். இறங்கினால் மறந்துவிடும். மறப்பதற்கு முன்னால் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன், ஜெபமணி போட்டார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எந்தப் பாலத்தில் எத்தனை குழி, எந்தப் பெட்ரோல் பங்கில் ஆயில் சரியாகக் கலக்கிறான், இதுதான் என் கட்டுரை. தெ. பூரணம் என்ற பெயரில் வந்த கட்டுரைகளில் எண்ணே இருக்காது. மலையடிவாரத்துக் குடிசைகளுக்கு ஊசி மருந்துப் பெட்டியோடு டி.வி.எஸ். வண்டியில் போகிற கிராம நர்ஸ் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். மழை வரும் திசையைப் பார்த்து வண்டி தானே வேகம் எடுக்கிறது என்று எழுதுவாள். பிரசவ வலி கண்ட வீட்டுக்குப் போகும்போது மட்டும் ரோடு நீளும் என்று எழுதுவாள். ஒருமுறை ஒரே வரியில், வீட்டுக்காரர் எங்கேயோ இருக்கிறார், வண்டி இங்கே இருக்கிறது, என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பஞ்சர் ஒட்டுவதைப் பற்றிப் போய்விட்டாள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதை மட்டும் எண்ணவில்லை. பிறகு ஒரு மாதம் எழுதினாள், சிலருடைய கட்டுரையில் கிலோமீட்டர்தான் ஓடுகிறது, வண்டி ஓடுவதில்லை. அது நான்தான். ஜெபமணி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உமக்குத்தான் வே இது, பதில் எழுதும்" என்றார். ஒரு எண் கூட இல்லாமல் ஒரு கட்டுரை எழுதினேன். பெட்டி தூக்குவதைவிடச் சிரமமாக இருந்தது. பண்பொழியிலிருந்து மேக்கரை போகிற ரோட்டில் ஒரு வளைவு உண்டு, இடது கை பக்கம் வாய்க்கால், வலது கை பக்கம் தென்னை, திரும்பினால் மலை மொத்தமும் எதிரே வந்து நிற்கும். அந்த வளைவைப் பற்றி எழுதினேன். அந்த வளைவில் செவ்வாய்க்கிழமை தோறும் எதிரே ஒரு டி.வி.எஸ். வரும் என்று எழுதினேன். யார் என்று எழுதவில்லை. அடுத்த மாதம் அவள் எழுதினாள், செவ்வாய்க்கிழமை ரோட்டில் முதலில் காய வாசனை வரும், பிறகு சத்தம் வரும், கடைசியில்தான் ஆள் வருவார், வந்ததும் ஒரு கையைத் தூக்குவார்.

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. எதிரெதிரே வரும் வண்டிக்காரர்கள், தெரிந்த ஆள் என்றால் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துக் காட்டுவார்கள், நிற்க மாட்டார்கள். லாரிக்காரர்கள் விளக்கை மின்னுவார்கள், நாங்கள் கையைத் தூக்குவோம். நான் இடது கையைத் தூக்குவேன். அவளும் தூக்குவாள். வளைவுக்கு ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், கண் சந்தித்துக் கை தூக்கி முடிப்பதற்குள் தாண்டிவிடுவோம். நின்றால் என்ன என்று ஒவ்வொரு செவ்வாயும் நினைப்பேன். வேகத்தில் போகிற வண்டியை நிறுத்தக் காரணம் வேண்டும். பெட்ரோல் தீர்ந்தது, செயின் அறுந்தது, இப்படி ஏதாவது. என் வண்டியை நான் நன்றாக வைத்திருந்தேன், ஒரு செவ்வாய் கூட அது மக்கர் பண்ணவில்லை. ஒரு தடவைக்கு மூன்று நொடி என்று வைத்து, அத்தனை வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகளையும் கூட்டிப் பார்த்தால், அவள் முகத்தை என் ஆயுளில் நான் பார்த்த நேரம் இந்த கேட் ஒரு தடவை மூடித் திறக்கும் நேரத்துக்குத்தான் வருகிறது. அதற்காகத்தான் கேட் இன்று மூடியதோ என்று ஒரு கிறுக்கு நினைப்பு. அவள் அந்தப் பக்கம் நிற்கிறாள், நான் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், யாரும் தாண்டிப் போக வேண்டியதில்லை. இது போதும் என்றும் தோன்றுகிறது. தோன்றுவதுதான் பயமாக இருக்கிறது. நான் போதும் போதும் என்று சொல்லியே பழகியவன்.

"என்ன அண்ணாச்சி, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுல்லா இருக்கு, பொண்ணு பாக்கவா போறிய?" நாவல்பழக் கூடையோடு ஒவ்வொரு வண்டியாக வந்துகொண்டிருந்த பெண் என் பக்கத்தில் நின்றுவிட்டாள். இந்த கேட்டில் விற்பவள், எத்தனையோ தடவை பார்த்த முகம், இதுவரை பேசியதில்லை. சட்டையைப் பார்த்துவிட்டாள். எனக்குக் காது சூடாகியது. "சும்மா, மேக்கரை வரைக்கும்" என்றேன். "மேக்கரைக்குப் போக இஸ்திரி எதுக்கு? அங்க தேங்காயும் குரங்கும்தான இருக்கு" என்றாள். பக்கத்தில் ஆட்டோக்காரர் சிரித்தார். "ஏ பேச்சி, அவரு வெக்கப்படுதாரு, விடு. பழத்தக் குடுத்துட்டுப் போ." ஒரு பொட்டலம் வாங்கினேன். சாப்பிட நினைத்து, நாக்கு ஊதா நிறமாகிவிடுமே என்று நிறுத்தினேன். ஊதா நாக்கோடு வாங்க என்று எப்படிச் சொல்வது? அவளுக்குக் கொடுக்கலாம். அவளுக்கு நாவல்பழம் பிடிக்குமா? ஒரு கட்டுரையில், காட்டு நாவல் உதிர்ந்த ரோட்டில் டயர் வழுக்கியது என்று எழுதினாள், பிடிக்கும் என்று எழுதவில்லை. பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்போது பாசஞ்சர் வந்தது. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட வண்டி, வேகம் எடுக்கவில்லை, ஜன்னல் ஜன்னலாக முகங்கள் போயின. போனதும் எல்லோரும் கிக்கரை உதைத்தார்கள். கேட்டைத் தூக்கவில்லை. "ஏ கேட்டுக்காரரே, தூங்கிட்டீரா வே?" என்று ஆட்டோக்காரர் கத்தினார். அறையிலிருந்து தலையை நீட்டி, கூட்ஸ் இருக்கு என்றார் அவர். "கூட்ஸா! அதோட வாலு வாரதுக்குள்ள எனக்குத் தல நரச்சிரும்." "உமக்கு முன்னாலயே நரச்சாச்சு, மை போட்டிருக்கீரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக என்ஜினை அணைத்தார்கள். தவளைச் சத்தம் கேட்டது. வயல் பக்கமிருந்து சாரல் காற்று அடித்தது. முழங்கால் வலித்தது.

முழங்காலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. போன் வந்தபோது நான் தங்கச்சி வீட்டு மாடியில் வண்டி துடைக்கிற துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "சார், நான் பூரணம். செவ்வாய்க்கிழம பூரணம்" என்றது குரல். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை, ஆனால் அவள் வாக்கியங்களுக்கு அந்தக் குரல்தான் என்று உடனே தெரிந்தது. ஜெபமணியிடம் நம்பர் வாங்கினாளாம். ஜெபமணி சும்மா கொடுத்திருக்க மாட்டார், ஏதாவது கேலி பேசித்தான் கொடுத்திருப்பார். ரிட்டயர் ஆகிவிட்டாளாம். கண்ணில் ஆபரேஷன், ஒரு கண் சரியாகவில்லை. "தூரம் தெரிய மாட்டேங்குது சார். எதிர்ல வார வண்டி பக்கத்துல வருதா, எட்ட வருதான்னு பிடிபடல. வண்டிய வித்துட்டேன்." நான் ம் என்றேன். போனில் ம் என்றால் கேட்குமா என்று தெரியாமல் இன்னொரு ம் சொன்னேன். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வளைவுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போவீங்களா? பின்னால உக்காந்துக்கிடுதேன். ஓட்டுறப்ப ரோட்டத்தான் பாத்தேன், மலைய ஒழுங்கா பாத்ததே இல்ல." சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், பெட்டி இருக்கு என்றேன். என்ன? பின்னால பெட்டி இருக்கு என்றேன் மறுபடி. அவள் சிரித்தாள். "அந்தப் பெட்டி இன்னுமா இருக்கு? கழட்டுங்க சார். இத்தன வருசம் நீங்க அந்தப் பக்கம் போனீங்க, நான் இந்தப் பக்கம் போனேன். ஒரே பக்கமா ஒரு நாளும் போனதில்லையே." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், பஞ்சர் ஒட்டுவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி. நான் சரி என்றேன். போனை வைத்துவிட்ட பிறகு துணி ஈரத்தோடு கையிலேயே இருந்தது. ஒரே பக்கமாக. இந்தச் சொல் என் மனதில் ஒரு தடவை கூட வந்ததில்லையே என்று நினைத்தேன். நிறுத்துவதைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறேன், கூடப் போவதைப் பற்றி நினைத்ததில்லை. எழுதுகிறவன் என்று பெயர், இந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

கூட்ஸ் வந்துவிட்டது. தண்டவாளம் முதலில் முனகியது, பிறகு தரையின் அதிர்வு கால் வழியாக ஏறியது. மூடிய பெட்டிகள், ஒவ்வொன்றாக. எண்ணத் தொடங்கினேன். கேட்டில் நின்றால் கூட்ஸ் பெட்டிகளை எண்ணுவேன், எண்ணிக்கை சரியாக இருந்தால் நாள் நன்றாக இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை, யாரிடமும் சொன்னதில்லை. ஏழு, எட்டு. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் ஒரு கணம் அந்தப் பக்கம் தெரிகிறது. புங்கை மரம். மறைகிறது. நீலக் குடை. மறைகிறது. குடையை விரித்துவிட்டாள். மறைகிறது. பதினொன்றா பன்னிரண்டா? முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாள். மறைகிறது. மூன்று நொடி கூட இல்லை, ஒரு நொடி, ஒரு நொடியாக வருகிறாள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, தூரம் தெரியாத கண். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. இதுவரை விட்டுப்போனதே இல்லை. வலது பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது, அதில் திரும்பினால் ஊருக்குப் போய்விடலாம். முழங்கால் சரியில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிடலாம், அது பொய்யுமில்லை. வழுக்குகிற ரோடு, கண் தெரியாத ஆள், பின்சீட்டில் மூட்டையைத் தவிர எதையும் ஏற்றாத நான். விழுந்தால்? விழாவிட்டாலும், அந்த வளைவுக்குப் போன பிறகு என்ன? வண்டியை நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், நின்று மலையைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும். அவள் நான் எழுதியதைத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள். எழுதியதில் நான் தைரியமாக இருப்பேன். ஒருமுறை கேட்டில் நிற்பது பற்றி எழுதினேன், என்ஜினை அணைக்கவும், டேப்பை மூடவும், புறப்படுமுன் திறக்க மறக்கவேண்டாம், என்று வாத்தியார் மாதிரி. அவள் அடுத்த மாதம் எழுதினாள், பெருங்காயக்காரர் சொன்னாரே என்று டேப்பை மூடினேன், திறக்க மறந்தேன், கார்புரேட்டரில் இருந்த பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி நின்றுபோனது, நின்ற இடத்தில் ஒரு மயில் இருந்தது, அவருக்கு நன்றி. அந்த மயிலை நான் பல செவ்வாய்க்கிழமை தேடினேன். மண்பாதையைப் பார்த்தேன். மறுபடி இடைவெளியைப் பார்த்தேன். இந்தத் தடவை குடை இல்லை. ஒரு பஸ் நிற்கிறது.

டவுன் பஸ். நிற்கிற வண்டிகளை எல்லாம் தாண்டி ஓரமாக ஏறி வந்து புங்கை மரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கூட்ஸின் கடைசிப் பெட்டி போய்விட்டது, கார்டு பச்சைக் கொடியை மடித்துக்கொண்டே போனார். பஸ்ஸில் ஆட்கள் ஏறுகிறார்கள். அவள் நின்ற இடம் தெரியவில்லை. ஏறியிருப்பாளா? இவ்வளவு நேரம் நின்றுவிட்டு, வரமாட்டார் என்று நினைத்து, சாரலில் நனைந்து, ஏறியிருப்பாளா? ஏறியிருந்தால் நல்லது என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் நினைப்பு மாறிவிட்டது. ஏறியிருக்கக் கூடாது. பஸ் ஜன்னல்களைப் பார்த்தேன், மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள், ஒரு முகமும் தெரியவில்லை. ஏறியிருக்கக் கூடாது, பூரணம். பெயரைச் சொல்லிவிட்டேன், மனதுக்குள்தான். கேட் ஏறத் தொடங்கியது. பின்னாலிருந்து ஹாரன். அந்தப் பக்கத்துக்காரர்கள் ரோடு முழுவதையும் அடைத்து நின்றிருந்தார்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் நாங்களும் அப்படித்தான் நின்றிருந்தோம், கேட் முழுதாக ஏறுவதற்குள் இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின் மேல் மோதி நின்றது. "பின்னால எடுய்யா!" "நீ எடு!" "டிரைவர் சார், இது உங்க ரோடா?" நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தேன். ஒரே உதையில் எடுத்தது. மண்பாதைப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பவில்லை. ஆட்டோவுக்கும் எதிரே வந்த ஒரு லாரிக்கும் நடுவில் நுழைந்து, தண்டவாளத்தில் டயர் குதிக்க, பஸ்ஸின் ஓரத்தை உரசாமல், அதன் பின்பக்கம் வரை போய், சட்டென்று இடது ஓரத்துக்கு வந்தேன். திரும்பியதும், அந்த வளைவில் மலை வந்து நிற்கிற மாதிரி, எதிரே அவள் நின்றாள்.

என் இடது கை எழுந்தது. நான் தூக்கவில்லை, அது எழுந்தது. அவள் கையும் எழுந்தது, குடையோடு. கண் கண்ணைப் பார்த்தது. நரைத்திருக்கிறாள், மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாள், அதே முகம். நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். தாண்டிப் போய், வலது கை முறுக்கியபடியே இருக்க, வண்டி ஓட, புங்கை மரம் பின்னால் போக, அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. நிற்க வேண்டிய ஆளுக்குக் கை காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறேன். பிரேக்கில் கால் வைக்க வேண்டும். காலுக்குச் சொல்ல வேண்டும். கூசிப்போயிருந்தேன், இப்போது திரும்பிப் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது, எதற்குத் தாண்டிப் போனீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது, காணாத மாதிரி இப்படியே மேக்கரை வரைக்கும் போய்விட்டால் என்ன என்று கூட, நினைப்பு நான்கு பக்கமும் ஓடியது. வண்டி ஒரு விக்கல் விக்கியது. இன்னொன்று. பிறகு சத்தமே இல்லாமல், தோப்பு வேலி ஓரமாக உருண்டு, நின்றுவிட்டது. இத்தனை செவ்வாய்க்கிழமையும் மக்கர் பண்ணாத வண்டி. உதைத்தேன். உதைத்தேன். பிளக்காக இருக்குமா, கார்புரேட்டரில் தண்ணீர் இறங்கிவிட்டதா? இறங்கி நின்று வண்டியைப் பார்த்தேன், எதையும் பார்க்கவில்லை. சட்டைப்பையில் ஈரமாக இருந்தது, குனிந்தால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை.

செருப்புச் சத்தம் வந்தது. ஓடி வருகிற சத்தமல்ல, அளந்து காலெடுத்து வைக்கிற சத்தம். தூரம் தெரியாத கண்ணோடு நடந்து வருகிறாள் என்று தெரிந்தும் எதிரே போக எனக்குத் தோன்றவில்லை. மூச்சு வாங்க வந்து நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள், குடை முழுவதும் குலுங்கியது. "நானும் கையத் தூக்கிட்டேன் பாத்தீங்களா? வண்டி போனப்புறம்தான் ஐயோ நாம இதுல ஏற வந்தோமேன்னு நெனப்பு வருது" என்றாள். நான் வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். "நின்னு போச்சு" என்றுதான் வந்தது. அவள் வண்டியைச் சுற்றி வந்து, டேங்குக்குக் கீழே முகத்தை மிகப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள். "கேட்டுல டேப்ப மூடுனீங்களா சார்?" மூடினேன். "தொறந்தீங்களா?" நான் குனிந்து டேப்பைப் பார்த்தேன். "மயில் எதுவும் இருக்கான்னு பாருங்க" என்றாள். டேப்பை அவளே திருப்பிவிட்டாள். என் சட்டையைப் பார்த்தாள். "நாவப்பழமா?" பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன், நசுங்கியதை ஒதுக்கிவிட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். நாக்கு என்ன நிறமானாலும் ஆகட்டும். கார்புரேட்டர் நிரம்பட்டும் என்று இரண்டு பேரும் பழம் தின்றுகொண்டு நின்றோம். சாரல் விட்டிருந்தது, பின்னால் கேட்டில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்து உதைத்தேன், எடுத்தது. இரண்டு காலையும் அகலமாகத் தரையில் ஊன்றிக்கொண்டேன், மூட்டைக்கு அப்படித்தான் ஊன்றினேன். "வளைவுல நான் எந்தப் பக்கம் சாயணும்?" என்று காதருகே கேட்டாள். "நான் சாயற பக்கம்" என்றேன். குடையை மடித்தாள். ஒரு கை என் தோளைப் பிடித்தது. வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது, மூட்டைக்கு இறங்கியதைப் போல இல்லை.